அகத்திக்கீரைப் புதன்கிழமை

எண்ணூரில் நான் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டு கேன்டீனில் ஒரு சமையல் மாஸ்டர் இருந்தார். ஒல்லியான மனிதர், முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். மருத்துவ முகாமில் எங்களில் பலருக்கு ரத்தம் குறைவு என்று சொன்னதிலிருந்து, புதன்கிழமைதோறும் அகத்திக்கீரைப் பொரியல் வைத்தார். தேங்காயை அள்ளிப் போட்டும் கசந்தது. எச்சில் வாளியருகே நின்று, கொட்டப்படும் கீரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"மாடு துன்றத எங்களுக்கு வெக்கிறியே மாஸ்டர்!" என்று டிரைவர்கள் கத்துவார்கள். அவர் முகம் இறுகிவிடும்.

ஒருநாள் நானும் கொட்டப் போனபோது கையை நீட்டித் தடுத்தார்.

"உனக்கும்தானே ரத்தம் கம்மின்னாங்க? காலைலேர்ந்து குந்திகினு கீரைய ஆஞ்சேன் நைனா. ஒரு வாய் துன்னா இன்னா?"

"கசக்குது மாஸ்டர். நீ துன்னு பாரு."

என் எச்சில் தட்டைப் பிடுங்கினார். நான் ஒதுக்கிய கீரையை அப்படியே வாயில் போட்டு, முகம் சுளித்து, கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"எனக்கும் கசப்பு ஆவாது," என்றார் எரிச்சலாக. "அதுக்கு இன்னா பண்றது?"

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இன்னொரு கரண்டி வைக்கச் சொல்லிச் சாப்பிட்டிருக்கலாம். ஏனோ, கை கழுவப் போய்விட்டேன்.