நாய்க்கு நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை

நாய் சுடுகிற அரசாங்க ஆட்கள் எங்கள் கம்பத்துக்கு, அந்தக் காலச் சிங்கப்பூர்க் குடிசைக் கிராமத்துக்கு, காலையில்தான் வருவார்கள். கழுத்தில் லைசென்ஸ் தகடு தொங்கினால் விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் சுடுவார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால், என் கை தானாக எங்கள் நாயின் கழுத்துக்குப் போகும்.

எங்களுடையது சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை வீடு. கொல்லையில் கோழிகள் இருந்தன. ஒரு நாள் நாய் ஒரு முட்டைக் கோழியைக் கடித்துக் கொன்றுவிட்டது. அப்பா அதை அடிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "இன்னொரு கோழி போச்சுன்னா தகட்டக் கழட்டித் தெருவுல விட்டுருவேன். அப்புறம் அவங்க பாத்துக்குவாங்க" என்றார். சத்தம் போடாமல் சொன்ன எதையும் அப்பா மாற்றிக்கொண்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதுவும் ஆங்கிலப் பள்ளி. அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு, இன்றும் குறையவில்லை. பள்ளி நூலகத்தில் நாய் பழக்கும் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்துவந்தேன். அதன்படி நாயைக் குட்டைக் கயிற்றில் கட்டி, கோழிக்கூட்டுக்கு முன்னால் உட்காரவைத்தேன். அதன் பார்வை கோழி மேல் போனதும் "லீவ் இட்" என்பேன். முகத்தை என் பக்கம் திருப்பினால் ஒரு துண்டுக் கருவாடு. நாலைந்து நாளுக்கு ஒருமுறை கயிற்றை ஒரு முழம் நீட்டினேன். கோழி சிறகடித்தால் நாயின் மேலுதடு துடிக்கும். கயிற்றில் அந்த நடுக்கம் என் உள்ளங்கை வரை வரும்.

அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டே சிரிப்பார். "நாயும் இங்கிலீசு ஸ்கூலா? யூனிபாரம் தச்சுப் போடு லா!"

கூட்டில் அடங்காத சேவல் ஒன்றும் இருந்தது. நான் பரீட்சையில் தேறவேண்டும் என்று அம்மா முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்டது. சாமிக்கு விட்டதை அடைத்துவைக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டாயம். அது நாயின் சோற்றுத் தட்டு வரை வந்து கொத்திவிட்டுப் போகும். ஆறு வாரத்தில் நாய் அதையும் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தது. பரீட்சைக்குப் போன காலையில் நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா?

கேள்வித்தாளின் இரண்டாம் பக்கத்தில்தான் உறைத்தது. நாய்க்குத் தெரிந்தது ஆங்கில வார்த்தை. அதைச் சொல்கிறவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. மீதிப் பக்கங்களில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். நாய் தூணில் கட்டுண்டு கிடந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. தகடும் பட்டையும் அப்பாவின் கையில். அம்மா சேவலை மடியில் வைத்து, சிறகுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். அது உயிரோடுதான் இருந்தது.

"விடு விடுன்னு தொண்ட கிழியக் கத்துனேன், கேக்கல" என்றார் அம்மா. "அப்புறம் நீ தெனம் கத்துவியே, லீவிட்டு, லீவிட்டுன்னு... அதச் சொன்னேன். வாயிலருந்து போட்டுருச்சு."

"ஒரு தடவ போட்டுச்சு" என்றார் அப்பா.

"அப்பா, நான் இருந்தா கேக்கும்ப்பா. பரீட்ச முடிஞ்சதும் லீவுதானேப்பா..."

"நீ இல்லாதப்ப?" பிறகு அம்மாவைப் பார்த்தார். "சேவல எறக்கி விடு. கயித்த நான் அவுக்குறேன். நீ சொல்லு. இவ வாயத் தொறக்கக் கூடாது."

சேவல் நொண்டிக்கொண்டு நடந்தது. நாய் எழுந்தது. அதன் காதுகள் முன்னால் வந்தன. நான் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன். அம்மா "லீ..." என்று ஆரம்பித்து நிறுத்தினார், பயத்தில் வார்த்தை வரவில்லை. நாய் ஓர் அடி வைத்தது. இன்னும் ஓர் அடி.

"லீவிட்டு!"

நாய் நின்றது. அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. உதடு மட்டும் இன்னும் துடித்தது. கருவாடு கொடுக்கவேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை; தலையைத் தொட்டார். அவர் கையிலிருந்த மஞ்சள் அதன் நெற்றியில் ஒட்டியது.

அப்பா குனிந்து பட்டையை மாட்டினார். "சேவல் கோயிலுக்குப் போற வரைக்கும் பாப்போம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளும் பரீட்சை இருந்தது. நாயைத் தூணில் கட்டி, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போட்டுவிட்டுக் கிளம்பினேன். நான் வேலிப் படலைத் தாண்டுவதற்குள் அம்மா அதை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வேணாம்மா!"

"நீ போயி எழுது. கட்டி வச்சா எப்பப் பழகும்? நான் சொல்லிக்கிறேன்."

பிரதான சாலை வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கொல்லையிலிருந்து அம்மாவின் குரல் ஒருமுறை உரக்கக் கேட்டது. அதன் பிறகு சத்தமே இல்லை. போவதா, திரும்புவதா என்று தெரியாமல் பேருந்து வரும்வரை நின்றேன்; வந்ததும் ஏறினேன்.