பெல்ட் மாற்ற ஏறிய ஸ்டூல்

என் தமெய்ன் இதுவரை எந்த ஆம்பளையையும் கொன்றதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தமெய்ன் என்பது பர்மாவில் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் லுங்கி. ஆணுக்குப் பிறவியிலேயே ஒரு மகிமை உண்டாம். பெண்ணின் தமெய்ன் அவன் தலைக்கு மேலே போனால் அந்த மகிமை குறைந்துவிடுமாம். அதனால் ரங்கூனில் தமெய்னை உயரமான கொடியில் காயப்போட மாட்டார்கள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் லாரியின் கூரைமேல் பெண் ஏறமாட்டாள். ஞாயிறு தவறாமல் மாதா கோவிலில் மண்டியிடும் என் அம்மாகூடத் தன் துணியைக் கொல்லையில் முழங்கால் உயரத்துக் கொடியில்தான் போட்டார். "நம்ம வேதத்துல இப்படி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டால், "இந்த ஊர்லதானே இருக்கோம், வாயை மூடு" என்பார்.

நான் வாயை மூடுகிற ரகம் இல்லை. எங்கள் பட்டறையில் அது எல்லோருக்கும் தெரியும்.

பட்டறை ரங்கூனின் தாமுவே பகுதியில், சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. தகரக் கூரை, இரண்டு லேத், ஒரு துளை போடும் மெஷின், வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. முதலாளி பர்மாக்காரர், எல்லோரும் அவரை சயா என்று கூப்பிட்டோம். பெரிய லேத்தை ஓட்டியவர் தமிழ் முஸ்லிம். எனக்கு அவர் நானா, அவர்கள் வழக்கில் அண்ணன்; அவருக்கு நான் புள்ள. சின்ன லேத்தில் ஒரு பர்மாக்காரர், அவரை அக்கோ என்பேன், பர்மா பாஷையில் அதுவும் அண்ணன்தான். ஆண்கள் மூன்று பேர், பெண் நான் ஒருத்தி.

மாணவர்கள் தெருவில் இறங்கிய எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு காலேஜ்கள் பூட்டிக் கிடந்தன. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா என்னை டைப்பிங் கற்கச் சொன்னார். கொட்டாவி விட்டுக்கொண்டு டைப்பிங் பள்ளிக்கு இரண்டு மாதம் போனேன். பிறகு அவருக்குச் சொல்லாமலே பட்டறையில் சேர்ந்துவிட்டேன். துளை போட்ட இரும்பில் விளிம்புப் பிசிறை அரத்தால் ராவும் வேலை. அப்போது துளை மெஷினை ஓட்டியவர் ஒருநாள் மலேசியாவுக்குப் போய்விட்டார். "ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ பாரு" என்று சயா என்னை அந்த மெஷினிடம் அனுப்பினார். ஆள் கிடைக்கக்கூடாது என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டேன்.

அந்த மெஷின் என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இன்சீன் ரயில் பட்டறை ஏலத்தில் எடுத்த பழைய இங்கிலீஷ் மெஷின் அது, பச்சைப் பெயின்ட் உரிந்தது. காலையில் முதல் வேலையாகத் தூணைத் துடைத்து எண்ணெய் போடுவேன். பிட் என்கிற துளையூசியைக் கவ்விப் பிடிக்கும் சக் என்ற பிடியைச் சுழற்றி, தாடைகளுக்கிடையே இருக்கும் தூளைப் பிரஷ்ஷால் தட்டுவேன், கையால் ஒருபோதும் இல்லை. முடியைக் கொண்டையாக முடிந்து, துணி கட்டிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுவேன். கரன்ட் போனால் உடனே ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். தாமுவேயில் அது போகும்போதும் சொல்லாது, வரும்போதும் சொல்லாது. பிட்டைச் சாணை பிடிப்பது எனக்குச் சீக்கிரமே கைவந்தது. சரியாகப் பிடித்த பிட் இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சுருள் விடும். முறுக்கு பிழிகிற மாதிரி அது வருவதைப் பார்ப்பதில் எனக்குக் கொள்ளை ஆசை.

ஒரே ஒரு தொல்லை, பெல்ட். சின்னத் துளைக்கு வேகம் வேண்டும், பெரிய துளைக்கு நிதானம் வேண்டும். வேகத்தை மாற்ற, மெஷினின் உச்சியில் மூடிக்குள் இருக்கும் பெல்ட்டைக் கப்பியின் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு நகர்த்த வேண்டும். மழைக்காலத்தில் சந்துத் தண்ணீர் உள்ளே வரும் என்று மெஷினை ஒன்றரை அடி சிமென்ட் மேடைமேல் ஏற்றியிருந்தார்கள். நானோ ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. உச்சியைத் தொட மூன்றடி ஸ்டூலில் ஏற வேண்டும். ஏறினால் என் இடுப்பு ஆம்பளைகளின் தலைக்கு மேலே போய்விடும்.

அதனால் பெல்ட் மாற்ற நானாவைக் கூப்பிட வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். அவர் ஐந்து வேளையும் தொழுகிறவர். அவர் மார்க்கத்திலும் தமெய்ன் பயம் கிடையாது. ஆனாலும் சயாவைவிட அவருக்குத்தான் பயம் அதிகம். நம்மவர்கள் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் சம்பாதித்த சொத்துகளில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாளைக்கு ஆறேழு தடவை பெல்ட் மாற்ற வேண்டியிருக்கும். ஒருவர் தையல் மெஷின் பாகத்தில் ஊசித் துளை கேட்பார், அடுத்தவர் பஸ் பட்டையில் கட்டைவிரல் துளை கேட்பார்.

"நானா, பெல்ட்டு."

"கட் ஓடுது புள்ள, இரு."

அவர் லேத்தில் இரும்பைச் சீவிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்த முடியாது, அது நியாயம்தான். ஆனால் அந்த 'இரு' அரைமணி நேரம் நீளும். வாடிக்கையாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். தாங்க முடியாமல் ஒருநாள் பெரிய பிட்டைச் சின்னத் துளை வேகத்திலேயே இறக்கினேன். கிறீச்சிட்டுப் புகைந்தது, முனை நீலமாகிப் போயிற்று. இரண்டே வாரத்தில் மூன்று பிட் கருகின.

சயா கருகிய பிட்டைத் தூக்கிப் பார்த்தார். "பொம்பளைக் கை சூடு" என்றார். அக்கோ சிரித்தார். நானா சிரிக்கவில்லை, ஆனால் பெல்ட்தான் காரணம் என்று சொல்லவும் இல்லை. அவர் சும்மா இருந்ததுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

"இன்சீன்ல ஒருத்தனுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார் சயா. "இன்னும் ஒரு பிட் கருகினா அவனைக் கூப்பிடுவேன். நீ அரத்துக்கே போயிடு."

வீட்டில் படுத்துக்கொண்டு அழுதேன். அழுதது கோபத்தில்தான். வேகம் தப்பு என்று எனக்குத் தெரியும், அதை மாற்றவும் தெரியும், மாற்றக்கூடாது என்கிறார்கள். கருகினால் மட்டும் கை என்னுடையதாம்.

மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் த்வாண்டேயிலிருந்து ஒரு ஆள் வயல் பம்புக்கான இரும்புத் தட்டு ஒன்றோடு வந்தார். ஓரத்தில் நான்கு சின்னத் துளை, நடுவில் ஒரு பெரிய துளை. மத்தியானப் படகைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததிலிருந்து அவசரப்பட்டார். சின்னத் துளைகளை முடித்தேன். நானாவைப் பார்த்தேன்.

"கட் ஓடுது புள்ள."

சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்தேன். தரையில் அது கரகரவென்று போட்ட சத்தத்தில் இரண்டு லேத்காரர்களும் திரும்பினார்கள்.

"நான் மேல ஏறப் போறேன்" என்று பர்மா பாஷையில் சொன்னேன், எல்லோருக்கும் புரியட்டும் என்று. "யாருக்குக் குறையுமோ அவங்க வெளிய போகலாம்."

"ஞீமா, விளையாடாத" என்றார் அக்கோ. ஞீமா என்றால் தங்கச்சி.

சயா எழுந்து நின்றார். "இறங்கு."

"இன்னும் ஏறவே இல்ல சயா."

"இது ஆம்பளைங்க வேலை செய்யுற இடம்."

"நானும் இங்கதான் வேலை செய்யுறேன். பிட்டு கருகினா என்னை அனுப்பிடுவீங்க. கருகாம இருக்க இந்த பெல்ட்டு மாறணும். அதை மாத்த ஆளும் வரல, நானும் ஏறக்கூடாதுன்னா, மெஷினையே படுக்கப் போட்டுடுங்க."

ஸ்டூல்மேல் ஒரு காலை வைத்தேன். முதலில் வெளியே ஓடியவர் த்வாண்டேக்காரர்தான். வாசலைத் தாண்டி நின்றுகொண்டு, "சீக்கிரம்மா, படகு போயிடும்!" என்று கத்தினார். பிறகு அக்கோ போனார். நானா லேத்தை நிறுத்திவிட்டு, அதுதான் அரைமணி நேரமாக நிற்க முடியாத லேத், வேகவேகமாகப் போனார். கடைசியில் சயா, குடையை எடுத்துக்கொண்டு.

மூடியைத் திறந்தேன். உள்ளே பல வருடத் தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு. மோட்டாரைத் தளர்த்தி, பெல்ட்டைக் கீழ்ப்படிக்கு நகர்த்தி, மறுபடி இறுக்கி இறங்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இறங்கிட்டேன், வாங்க" என்று கூப்பிட்டேன். பெரிய பிட் நிதானமாக இறங்கி, அழகாக இரண்டு சுருள் விட்டது. த்வாண்டேக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அதற்குப் பிறகு தினமும் இதே கூத்துதான். நான் ஸ்டூலை இழுத்தால் மூன்று பேரும் சந்துக்குப் போவார்கள். மழைக்காலம் வேறு. எதிர் டீக்கடை அக்கா, "ஞீமா ஏறிட்டாளா? மூணு டீ போடவா?" என்று கேட்கும். சந்தே சிரித்தது. சயா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் பிட் கருகவில்லை. த்வாண்டேக்காரர் தன் ஊர்க்காரர்களையும் அழைத்து வந்தார். இன்சீன் ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் மெஷின் குட்டையாகியிருந்தது. ஞாயிறு முழுக்க மூன்று பேரும் சம்மட்டியும் கடப்பாரையுமாக சிமென்ட் மேடையை உடைத்து, மெஷினைத் தரையில் இறக்கியிருக்கிறார்கள்! "இப்ப தரையில நின்னே கை எட்டும். இனிமே ஏற வேண்டாம்" என்றார் சயா. பல நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சிமென்ட்டை உடைக்கிறார்கள், அந்தப் பயத்தை மட்டும் உடைக்க மாட்டார்கள். நான் ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். குமிழி ஒரு ஓரமாக ஓடியது.

"கோணலா இருக்கு. தூக்குங்க."

"சும்மா இரு புள்ள, இடுப்பு போச்சு" என்றார் நானா.

"கோணல் மெஷின்ல கோணல் துளைதான் விழும். அப்ப பொம்பளைக் கை கோணல்னு சொல்லுவீங்க. தூக்குங்க நானா."

தூக்கினார்கள். நான் அடியில் தகடு செருகினேன். குமிழி நடுவில் நிற்கும்வரை விடவில்லை. தரையில் நிற்கும் மெஷின் என் உயரத்துக்குப் பொருந்தியது. அவர்கள் யாராவது அதை ஓட்ட வேண்டுமென்றால் கூனிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதனால் ஓட்டவே வரவில்லை. மழைத் தண்ணீர் வரும் நாட்களில் அதன் அடிப்பாகத்துக்கு கிரீஸ் பூசி வைத்தேன்.

மெஷின் எனக்குக் கிடைத்துவிட்டது, ஆனால் நான் ஜெயித்ததாக நினைக்கவில்லை. அவர்கள் வழிவிட்டது எனக்கு இல்லை, என் தமெய்னுக்கு. அதனால் ஸ்டூலைத் தூக்கிப்போட விடவில்லை. அதன்மேல் என் சோற்றுப் பாத்திரத்தை வைத்துப் பல வருடம் அங்கேயே வைத்திருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில், ஓடும்போது மெஷினின் உச்சியில் அரைக்கும் சத்தம் கேட்டது. மேல் பேரிங் போய்விட்டது. அதைக் கழற்ற உச்சிக்கு மேலிருந்து குனிந்து இழுக்க வேண்டும், தரையில் நின்றால் முடியாது. சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்தேன்.

சயா வயதாகி வீட்டோடு இருந்தார். அக்கோ எழுந்து குடையைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானா வாசலைப் பார்த்தார். தண்ணீர் படிவரை ஏறியிருந்தது. நான் ஏறினேன். நானா நகரவில்லை, அவர் லேத்தும் நிற்கவில்லை. அவர் தலைக்கு மேலே என் தமெய்ன். பேரிங்கை இழுத்து, புதியதைத் தட்டி இறக்கினேன். முழுசாக அரைமணி நேரம்.

அங்கிருந்தே கேட்டேன்: "நானா, ஏதாவது குறைஞ்சுதா?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"கட் ஓடுது புள்ள, பேசாம வேலையைப் பாரு."