லிம் அம்மையாரின் இரண்டாவது பெட்டி

துளசிக்கு எச்சில் என்றாலே ஆகாது. வீட்டில் அக்கா குடித்த தம்ளரைக்கூடக் கழுவாமல் தொடமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: பினாங்கு ஜார்ஜ்டவுனில் பல்செட் செய்யும் கம்பெனி. செபராங் ஜெயாவிலிருந்து பஸ் ஏறிப் பாலம் கடந்து வந்து, பிறர் வாயின் அச்சுகள் அடுக்கிய அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவாள். நிரலுக்கு வாய் கிடையாது என்பதுதான் அவளுடைய ஒரே ஆறுதல்.

கிளினிக்குகள் நோயாளியின் வாயை ஸ்கேன் செய்து கோப்பாக அனுப்பும். பெயர் கோப்பின் உள்ளே இருக்காது. பெட்டிமேல் சீட்டு ஒட்டுவதுபோல, கோப்போடு ஒரு கூடுதல் குறிப்பாக ஒட்டியிருக்கும். சி மொழியில் எழுதிய ஒரு நிரல் அந்தக் குறிப்பைப் படித்து லேபிள் அச்சடிக்கும். பார்சல் பிரிவின் மலாய்ப் பெண் ரோஹானா அதைப் பல்செட் பெட்டியில் ஒட்டி அனுப்புவாள். நிரலை எழுதியவன் முதலாளி மெய்யநாதனின் மகன் ராம்நாத். அவன் வெளிநாட்டில் வாங்கிய பட்டம் வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

ஐசி என்கிற அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் வேண்டும் என்று கிளினிக்குகள் எழுதத் தொடங்கியதும் பிடித்தது சனியன். லிம் சியூ ஹூன் என்ற அம்மையாரின் பெயரில் இரண்டு லேபிள் வந்தது. ரோஹானாவுக்குச் சந்தேகம். ராம்நாத்திடம் போய்க் கேட்டாள். லேபிளில் இருப்பதை ஒட்டு, யோசிப்பது உன் வேலையில்லை என்றான். துளசியின் காதுபடத்தான் சொன்னான்.

கிளினிக்கில் லிம் அம்மையாரின் வாயில் மாட்டியது புவனேஸ்வரன் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் பல். அம்மையார் துப்பிய துப்பில் நர்ஸ் விலகி ஓடினாளாம். புவனேஸ்வரனோ மகள் கல்யாணத்துக்குப் பல்லோடு நிற்க வேண்டும் என்று கஞ்சி குடித்துக் காத்திருந்தவர். இன்னொருவர் வாய்க்குள் போய்வந்ததை அவர் எப்படிப் போட்டுக்கொள்வார்? நேரே கம்பெனிக்கு வந்து, எதிரில் நின்ற ரோஹானாவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை கூட்டத்தில் ராம்நாத் நாக்கூசாமல் சொன்னான், ரோஹானாதான் மாற்றி ஒட்டிவிட்டாள் என்று. அவள் தன்னிடம் கேட்டதே நினைவில்லையாம். மாத முடிவோடு அவளை நிறுத்திவிட முதலாளி தீர்மானித்தார். ரோஹானா கையிலிருந்த லேபிள் சுருளைப் பார்த்தபடியே நின்றாள்.

மறுநாள் துளசி ராம்நாத்தின் நிரலைத் திறந்தாள். சீ, இதற்கா இத்தனை பந்தா! பெயருக்கு இருபத்து நான்கு ஆங்கில எழுத்து அளவே இடம் ஒதுக்கியிருந்தான். பெயர் அதைவிட நீண்டால், குறிப்பைப் படிக்கப் போன கட்டளை இடம் போதவில்லை என்று பிழை சொல்லித் திரும்பிவிடும். அந்தப் பதிலை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த முந்தைய ஆளின் பெயரே மறுபடி அச்சாகும். கழுவாத எச்சில் தட்டில் அடுத்தவனுக்குச் சோறு போடுகிற வேலை.

முதலாளியை அழைத்து அவர் கண்முன்னே ஓட்டிக் காட்டினாள். முதலில் லிம் அம்மையாரின் கோப்பு. அடுத்து ஒரு வெற்றுக் கோப்பில் முதலாளியுடைய ஐசிப் பெயரையே ஒட்டினாள்: மெய்யநாதன் ஏ/எல் பழனியப்பன், அதாவது பழனியப்பன் மகன் மெய்யநாதன். இரண்டாவது லேபிளிலும் லிம் சியூ ஹூன் என்றே வந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“நம்மாளுங்க பேரு ரொம்ப நீளம் லா. கிளினிக்கிட்ட சுருக்கி எழுதச் சொல்லிரலாம்,” என்றான் ராம்நாத்.

“பேரு நீளமில்ல பாஸ். இடம் பத்தலன்னு அது ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டுதான் இருக்கு. ரோஹானாவும் வந்து சொன்னாங்க. ரெண்டையும் இவர் காதுல வாங்கல,” என்றாள் துளசி முதலாளியிடம்.

முதலாளி மகனைப் பார்த்தார். துளசி நிரலைத் திருத்தினாள். இப்போது அது முதலில் பெயரின் நீளத்தைக் கேட்டு, அதற்குத் தக்க இடம் ஒதுக்கி, பிறகு படித்தது. படிக்க முடியாவிட்டால் லேபிளே அச்சிடாமல் நின்றது. ரோஹானாவை வேலையில் தொடரச் சொல்லி ஆள் மூலம் தகவல் போனது. தந்தையும் மகனும் அவள் மேசைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் வசதிக்காக நிரலை மேம்படுத்தியிருப்பதாக ராம்நாத் தன் பெயரில் கிளினிக்குகளுக்கு எழுதினான். தூ!

கல்யாணம் முடிந்து புவனேஸ்வரன் வந்தார், வாய் நிறையப் புதுப் பல்லோடு. நடந்ததைக் கிளினிக்கில் கேள்விப்பட்டிருந்தார்.

“அன்னைக்கு நான் ஏசினேனே, அந்தப் பொண்ணு எங்கம்மா?”

துளசி கைகாட்டினாள். அவர் ரோஹானாவின் முன்னால் போய் நின்று, மலாயில் மன்னிப்புக் கேட்டார். பல் இன்னும் பழகாததால் சொற்கள் வழுக்கின, வாயோரம் எச்சில் வழிந்தது. ரோஹானா டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். துளசிக்கு அந்த எச்சில் கொஞ்சமும் அருவருக்கவில்லை. சற்றுத் தள்ளித் தன் மேசையில் ராம்நாத் காதில் ஹெட்போன் மாட்டி ஏதோ பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கம் திரும்பத்தான் அவளுக்குக் குமட்டியது.