நான் பிறக்காத வருஷம்

என் வீட்டுக்காரர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு சின்ன அறையில் விளக்கைத் தாழ இறக்கி வைத்துக்கொண்டு, மெழுகும் மாவுமாக நாள் முழுக்கக் குனிந்திருப்பார். அதிர்ந்து பேசமாட்டார். வீட்டில் சண்டை என்றால்கூட இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே போட வேண்டும். இந்த மனுஷனுக்காக எனக்கு வயிறு எரியும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன்.

சனிக்கிழமை வந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். டயர் கடை மாடியில் மாதிரி ரயில் சங்கம் இருக்கிறது. பொம்மை ரயில் என்று சொல்லிவிடாதீர்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அங்கே ஆளுக்கு ஒரு காலம் பிடிக்கும், அதையே பட்டப்பெயராகவும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் நீராவி, ஒருவர் மின்சாரம். இன்னொருவர் போன மாதம் விட்ட அதிவேக வண்டியைத் தவிர வேறு எதையும் ரயில் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். எந்தக் காலம் நல்ல காலம் என்று இவர்கள் கத்துகிற கத்தலில் கீழே டயர் கடைக்காரர் கம்பால் கூரையைத் தட்டுவார்.

என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது இரண்டும் கெட்டான் காலம். நீராவி என்ஜின் போகப்போகிறது, டீசல் வந்துவிட்டது, இரண்டும் ஒரே ஸ்டேஷனில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற ஒரு வருஷம். அப்போது அவருக்கு எட்டு வயது. நான் பிறக்கவே இல்லை.

சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. மேசை மேல் ஸ்டேஷன் கட்டுகிறவர் முதலிலேயே ஒரு வருஷத்தைச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு வந்த எந்தப் பொருளும் அந்த மேசையில் இருக்கக் கூடாது. விளக்குக் கம்பம், சுவரொட்டி, சைக்கிள் எதுவானாலும் சரி. கண்காட்சியில் ஒன்று பிசகினாலும் மேசை போட்டியிலிருந்து வெளியே. இதெல்லாம் எனக்கு எதற்கு என்றுதான் இருந்தேன், கார்டு மகள் வந்து சேரும்வரை.

அவளுடைய அப்பா ரயிலில் கார்டாக இருந்தவர். அவளுக்கும் என் வீட்டுக்காரர் வயதுதான். தனியாக இருந்தாள். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வேலை. சங்கத்துக்கு வந்த முதல் நாளே இவருடைய மேசையைப் பார்த்து, "இது நான் பார்த்த வருஷமாச்சே!" என்றாளாம். அவ்வளவுதான். வீட்டில் சோற்றைப் பிசைந்தால் கார்டு மகள், சட்டைப் பொத்தான் போட்டால் கார்டு மகள்.

"அவங்க சின்னப் பிள்ளையில கார்டு வண்டியிலேயே உட்கார்ந்து போயிருக்காங்களாம். கைகாட்டிக்கு என்ன சிவப்பு அடிச்சிருந்தாங்கன்னுகூட ஞாபகம் இருக்கு. என்ன மூளைங்கிற!"

"எனக்கும்தான் ஞாபகம் இருக்கு. நேத்து வாங்கிட்டு வரச் சொன்ன சோப்பை நீங்க வாங்கிட்டு வரலை."

அடுத்த சனிக்கிழமை நானும் கிளம்பினேன். நான் வேலை பார்க்கிற சலவைக் கடையில் முழுநாளும் இஸ்திரிப் பெட்டியோடு நின்ற கால் கெஞ்சியது. ஆனாலும் கடையின் மஞ்சள் உடுப்போடேயே போனேன். வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டேன். அவளும், "வாம்மா, உட்காரு" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் வீட்டுக்காரரின் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட இவள் யார்?

இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து வேலை செய்தார்கள். இவர் பல்லைத் தேய்க்கிற ஊசியால் அரிசியைவிடச் சின்னதாக நிலக்கரித் துண்டுகளைச் சீவினார். அவள் அவற்றை இடுக்கியால் எடுத்து என்ஜினுக்குப் பின்னால் அடுக்கினாள். "அந்த நாள்ல தண்ணித் தொட்டி இந்தப் பக்கம் இல்ல?" என்பார். "ஆமாமா, நானே அதுல நனைஞ்சிருக்கேன்" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். எனக்குத் தெரியாத ஊர், எனக்குத் தெரியாத தண்ணித் தொட்டி. நான் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு அவ யாரு?"

"யாருன்னா? அந்தக் காலத்துல இருந்தவங்க."

"அப்ப நான்?"

"நீ அப்ப பிறக்கவே இல்லையேம்மா."

சூது வாது தெரியாத முகத்தோடு சொன்னார். அதுதான் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் பிடித்து உலுக்கியிருப்பேன். நான் குப்பை கொட்டிய இத்தனை வருஷத்தையும் விட்டுவிட்டு, நான் இல்லாத ஒரு வருஷத்தில் போய்க் குடியிருக்கிறார், அதுவும் இன்னொருத்தியோடு. சும்மா விடுவேனா?

கண்காட்சிக்கு முந்தின வாரம், அவர்கள் சாமான் வாங்குகிற கடையிலேயே இரண்டு மனித உருவங்கள் வாங்கினேன். விரல்நுனி அளவு ஓர் ஆண், ஒரு பெண். பெண்ணுக்கு எங்கள் சலவைக் கடையின் மஞ்சள் உடுப்பை வரைந்தேன். அவள் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தாள். ஊருக்குப் போகிறவள் பெட்டி இல்லாமலா போவாள், சரிதான் என்று நினைத்தேன். கண்காட்சி அன்று காலை, மண்டபத்தில் எல்லோரும் வயர் மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய பிளாட்பாரத்தின் நட்டநடுவில் இரண்டு பேரையும் ஒட்டிவிட்டேன். இப்போது நானும் அந்த வருஷத்தில் இருந்தேன்.

நடுவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். என்ஜினைப் பார்த்து "அடேயப்பா!" என்றார். நிலக்கரியைப் பார்த்தார், கைகாட்டியைப் பார்த்தார். பிளாட்பாரத்துக்கு வந்ததும் நின்றார்.

"இந்தப் பெட்டிக்குச் சக்கரம் இருக்கே?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்த வருஷத்தில் இழுத்துப் போகிற பெட்டியே கிடையாதாம், தலையிலோ கையிலோ தூக்கித்தான் போவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? ரயிலுக்கே சக்கரம் இருக்கிறபோது பெட்டிக்கு இருக்கக் கூடாதா? நீராவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கார்டு மகள் மஞ்சள் உடுப்பைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரோ தெரியாம வச்சிட்டாங்க போல. எடுத்துடுங்க, மேல பார்ப்போம்" என்றார் நடுவர், பெருந்தன்மையாக.

கார்டு மகள் இடுக்கியை நீட்டினாள். இடுக்கியின் முனை என் கழுத்துக்குப் போனது.

"எடுக்காதீங்க," என்றார் என் வீட்டுக்காரர். எல்லோர் முன்னாலும், நல்ல சத்தமாக. "அது என் சம்சாரம். இருக்கட்டும்."

"போட்டியில சேர்க்க முடியாது சார்."

"சேர்க்க வேண்டாம்."

என் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்? தலைகால் புரியவில்லை. ஜெயித்தேன் என்று கார்டு மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அவளும் உழைத்த மேசை அது. தான் செய்து வைத்திருந்த கார்டு வண்டியை மட்டும் தண்டவாளத்திலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள். என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கப்பா வண்டியில போன கடைசி வருஷம்மா அது. அப்புறம் அவர் இல்ல. எனக்கு அந்த ஒரு வருஷம்தான் இருந்துச்சு. உனக்குத்தான் அதுக்கப்புறம் எல்லா வருஷமும் இருக்கே, இதுவும் வேணுமா?"

வேண்டும் என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சங்கத்துக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் தனியாகப் போனார், சீக்கிரமே திரும்பினார், பிறகு போவதையே விட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பார்த்தார். மின்விசிறியைத் துடைத்தார். கேட்காமலே சோப்பு வாங்கி வந்தார். முழுசாக என் கைக்கு வந்துவிட்டார், ஆனால் வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதற்கு அவரிடம் எதுவும் மீதி இல்லை. கார்டு மகள், கார்டு மகள் என்று அவர் உயிரை எடுத்தபோதுகூட என்னிடம்தானே வந்து பேசினார் என்று அப்போதுதான் உறைத்தது.

போன சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தக் கார்டு மகள் வீடு தெரியுமில்ல? போய்க் கூப்பிடுங்க. அந்த மஞ்சள் பொம்மையைப் பிச்சுப் போட்டாச்சுன்னு சொல்லுங்க."

"நெசமாவா?"

"போங்கன்னா போங்க. நான் மனசு மாறுறதுக்குள்ள போங்க."

மனுஷனுக்கு வாயெல்லாம் பல். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு வேகமாக நடந்திருக்கமாட்டார், பாவி.