கம்பெனி வேற ஆளு

எங்கள் கம்பெனியின் பெயருக்குப் பின்னால் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்று இருக்கும். மலாய் மொழியில் ‘செண்டிரி’ என்றால் சொந்தம். எனக்கு அந்த முதல் சொல்லே போதுமானதாக இருந்தது. ‘பெர்ஹாட்’ என்றால் வரம்புக்குட்பட்டது என்று தெரிந்துகொள்ள, வரி ஆபீசிலிருந்து தணிக்கைக்கு ஆள் வரவேண்டியிருந்தது. இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் நான்.

மலைமேல் கோலா தெர்லா தோட்டங்களில் காய்கறி எடுத்து கியா பார்ம் சந்தைக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். குடியிருப்பது தேயிலைத் தோட்டத்து வீட்டில். மனைவி தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவளுக்கு வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. வருடக் கடைசியில் ஓய்வு. அதற்குள் பிரிஞ்சாங் டவுனில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கிவிட வேண்டும் என்று வங்கியில் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தோம். வங்கி கேட்டது என் சொந்த வருமான வரிக் கணக்கை. தணிக்கை கம்பெனிக்குத்தானே, எனக்கில்லையே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வந்த அதிகாரி தமிழ்ப் பெண். மரியாதைக்கு வடை வாங்கி வைத்தேன். அவர் ரசீதுகளை மட்டும்தான் தொட்டார்.

“அங்கிள், இந்த பிரிட்ஜ் கடையிலயா இருக்கு?”

“இல்லம்மா, வீட்டுல.”

“கோலாலம்பூர்ல ரூம் வாடகை?”

“மக படிக்கிறா.”

“தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு லோரி காய்கறி?”

“அன்னதானம்மா. அம்மன்கிட்ட ரசீது கேக்க முடியுமா?”

அவர் சிரித்துவிட்டார். எனக்குத் தைரியம் வந்தது.

“எல்லாம் ஒண்ணுதாம்மா. நான்தான் கம்பெனி, கம்பெனிதான் நான்.”

“அதத்தான் அங்கிள் எழுதிக்கிட்டேன்.”

பிறகு பொறுமையாக விளக்கினார். வீட்டுச் செலவு கம்பெனிச் செலவாகாது, ஆகவே கம்பெனிக்குக் கூடுதல் வரி. அந்தச் செலவை எனக்காகக் கம்பெனி கொடுத்ததால் அது எனக்கு வந்த வருமானம். ஆகவே என் சொந்தக் கணக்கையும் பழைய வருடங்களுக்குத் திருத்தி, அபராதத்தோடு இன்னொரு வரி. அம்மன் மட்டும் தப்பித்தாள். அவளுக்குப் போனதை என் வருமானத்தில் சேர்க்கவில்லை.

“ஒரே பிரிட்ஜுக்கு ரெண்டு பேரு வரி கட்டணுமா?”

“கம்பெனி வேற ஆளு, நீங்க வேற ஆளு அங்கிள்.”

வீட்டில் சொன்னேன். மனைவி கேட்டாள்.

“ஏங்க, அப்ப உங்க வருமானம் கூடிருச்சுல்ல? பேங்க்ல லோனும் கூடக் குடுப்பாங்களா?”

கல்யாணமான நாளிலிருந்து என் வருமானம் கூடியதாக அவள் சொன்னது அன்றைக்குத்தான்.

வங்கியில் அப்படி நினைக்கவில்லை. திருத்திய கணக்கு வரட்டும், பாக்கி தீரட்டும், அப்புறம் பார்க்கலாம்லா என்றார்கள். தோட்ட மானேஜரைப் போய்ப் பார்த்தேன். இன்றும் அவரைத் துரை என்றுதான் சொல்கிறோம். நல்ல மனிதர். ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் சில மாதம் இருந்துகொள்கிறோமே என்று கேட்டேன். வீடு தன்னுடையதல்ல, கம்பெனியுடையது என்றார். துரைக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

போன சனிக்கிழமை, மனைவியின் வேலைக்கு வரப்போகும் புதுக் கிராணி வீட்டைப் பார்க்க வந்தாள். ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்க வேண்டுமாம்.

“அண்ணே, அந்த முனையக் கொஞ்சம் பிடிங்களேன்.”

பிடித்தேன். காப்பி கலக்கிக்கொண்டிருந்த மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

“அந்த ஜன்னல் கொஞ்சம் கோணல்மா. துணியக் கூட வச்சே வெட்டச் சொல்லு.”