மேல் பல்லும் ஏழுமலையின் வலது கண்ணும்

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. ரிப்பேருக்குக் கொடுத்திருந்த கைக்கடிகாரத்தை வாங்குவதற்காக, செஞ்சி கடைத்தெருவில் இருக்கும் ஏழுமலையின் வாட்ச் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்தால் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுகிற மனுஷர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. வீக்கம் கன்னத்தோடு நிற்காமல் மேலே ஏறி, வலது கண் பாதி மூடியிருந்தது.

அந்த வலது கண்தான் அவருடைய பிழைப்பு. அதில்தான் கறுப்பு லென்ஸை இடுக்கிக்கொண்டு, கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூவையெல்லாம் திருகுவார். அன்றைக்கு லென்ஸ் மேஜைமேல் சும்மா கிடந்தது.

“என்ன ஏழுமலை, என்ன இது?”

“பல்லு சார்... மேல் பல்லு. ஒரு மாசமா இருக்குது.”

ஒரு மாதம்! ஒரு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தார்? வைத்தியம்தான். நம் கடைத்தெருவில் வைத்தியர்களுக்கா பஞ்சம்? ஜவுளிக்கடைக்காரர் கிராம்பைக் கடிக்கச் சொன்னார். டீக்கடைக்காரர் புகையிலையை அடக்கிக்கொள்ளச் சொன்னார். அனந்தபுரத்திலிருந்து சுவர்க் கடிகாரம் தூக்கிக்கொண்டு வந்த ஒரு புண்ணியவான், தலைவலி மாத்திரையைப் பொடி செய்து ஈறில் வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினார். ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. வீக்கம் வந்த பிறகு, தவிட்டை வறுத்துச் சூடாக ஒத்தடம் வேறு.

இதில் எதனாலாவது சொத்தை அடைபடுமா? கிராம்பு கொஞ்ச நேரம் வலியை மரக்க வைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஓட்டை அப்படியேதானே இருக்கும்? கடிகாரம் ஐந்து நிமிஷம் பின்தங்கினால் ஏழுமலையிடம் ஓடி வருகிறவர்கள்தான் இவர்கள் எல்லோரும். அவர் கடிகாரத்தைத் திறந்து பார்க்காமல், மேலே கிராம்பை வைத்துக் கட்டி அனுப்பினால் சும்மா விடுவார்களா?

“நடுவுல நாலு நாளு வலியே இல்ல சார். சரியாப் பூட்ச்சின்னு நெனச்சேன்” என்றார் ஏழுமலை.

“பல் டாக்டரிடம் போக வேண்டியதுதானே?”

சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்ற அவர் மனைவி பச்சையம்மாள்தான் சொன்னார்.

“அது மேல் பல்லு சார். புடுங்குனா கண்ணு நரம்பு அறுந்து பூடும். பல்லு போனா செட்டு கட்டிக்கலாம். கண்ணு போனா இன்னாத்த கட்டிக்கிறது?”

அந்த அம்மாள் சொன்னதில் ஒரே ஒரு தப்புதான் — முதல் வரி. அது மட்டும் நிஜமாக இருந்தால், மற்றதெல்லாம் நியாயம். மேல்மலையனூர் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். வேண்டுதலும் கண்ணுக்குத்தான். பாவம், பல்லை யாரும் கவனிக்கவே இல்லை.

எனக்கு வந்ததே கோபம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்... இந்தப் புரளியைக் கிளப்பிவிட்டவன் எவன்? அவனுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா? அவன்பாட்டுக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். நம்புகிறவன் கதி?

“யார் சொன்னது உங்களுக்கு?” என்று கிட்டத்தட்ட அதட்டினேன்.

“எல்லாரும் சொல்றதுதான சார்” என்றார் பச்சையம்மாள். ஏழுமலை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வலியில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு சொல்லியும் இரண்டு பேரும் மசியவில்லை.

வியாழக்கிழமை காலையில் பச்சையம்மாள் என் வீட்டு வாசலில் நின்றார். “சார், கண்ணே தொறக்க மாட்டேங்குது. காய்ச்சல் வேற அடிக்குது. நீங்கதான் இட்டுக்கினு போவணும்.”

பல்லைத் தொடவே இல்லை. கண் மூடிவிட்டது!

திண்டிவனம் பஸ் பிடித்தோம். அங்கே ஒரு பல் டாக்டர் இருக்கிறார். சின்ன வயசு, பெரிய கோபம். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. ஏழுமலையின் உதட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“சின்ன ஓட்டையா இருந்தப்பவே வந்திருந்தா அடைச்சு அனுப்பியிருப்பேன். புடுங்கவே வேண்டியிருந்திருக்காது. பல் டாக்டர்னா புடுங்கறவன்னு மட்டும்தானே நெனைக்கிறீங்க?”

“நடுவுல நாலு நாளு வலி நின்னுடுச்சு டாக்டர்...”

“வலி நின்னுச்சு இல்ல, அன்னைக்குத்தான் பல்லு செத்துப்போச்சு. உயிர் இருந்தாத்தானே வலிக்கும்? அப்புறம் வேர் வழியா சீழ் மேல ஏறியிருக்கு. ஒத்தடம் குடுத்து இன்னும் நல்லாப் பரப்பி விட்டிருக்கீங்க.”

நான்தான் கேட்டேன், அந்தக் கண் சமாசாரத்தை. டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கண் பார்க்கிற நரம்பு வேற, பல்லுக்கு வர்ற நரம்பு வேற சார். பல்லைப் புடுங்கிக் கண்ணு போன ஆளை நான் பார்த்ததில்ல. புடுங்காம வெச்சிருந்து கண்ணை மூடிக்கிட்டு வர்றவங்களைத்தான் பார்க்கிறேன். இன்னும் ரெண்டு நாள் விட்டு, சீழ் கண்ணுக்குப் பின்னால போயிருந்தா நிஜமாவே கண்ணு போயிருக்கும். உயிருக்கே கூட ஆபத்து.” பிறகு ஏழுமலை பக்கம் திரும்பினார். “எந்த மடையன் அய்யா உங்களுக்கு இதைச் சொன்னது?”

ஏழுமலை கூரையைப் பார்த்தார்.

நான் விடுவேனா? “அந்த மடையனைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் டாக்டர்” என்றேன். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏழுமலையால் சிரிக்க முடியாது.

அன்றைக்கு ஈறைக் கீறிச் சீழை வெளியேற்றி, பென்சிலின் ஊசி எழுதிக் கொடுத்தார். செஞ்சியிலேயே தினம் ஊசி போட்டுக்கொண்டோம். மூன்றாம் நாள் கண் கொஞ்சம் திறந்தது. ஐந்தாம் நாள் முழுசாகத் திறந்தது. அடுத்த வியாழக்கிழமை மறுபடி திண்டிவனம். ஈறில் ஊசி போட்டு மரக்க வைத்துப் பல்லை எடுக்க, முழுசாகக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்கா ஒரு மாதம்?

பல்லை எடுத்த கையோடு ஏழுமலை செய்த முதல் வேலை, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே இருந்த காலண்டரைப் பார்த்தது. பெரிய எழுத்தைப் பார்த்தார். சின்ன எழுத்தைப் பார்த்தார். அடியில் அச்சகத்தின் பெயர் பொடியாகப் போட்டிருக்குமே, எழுந்துபோய் அதையும் வலது கண்ணால் படித்தார். அந்தக் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

வாயில் பஞ்சைக் கடித்தபடி, ஒரு மணி நேரம் பேசக் கூடாது என்று உத்தரவு. திரும்புகிற பஸ்ஸில் நான் மட்டும் பேசிக்கொண்டு வந்தேன். புரளி கிளப்புகிறவர்களைப் பற்றித்தான். “அவன் யார் என்று தெரிந்தால் சும்மா விடமாட்டேன் ஏழுமலை. பெயரைப் போட்டே எழுதுவேன்” என்றேன்.

ஏழுமலை பர்ஸை எடுத்து, நாலாக மடித்திருந்த ஒரு காகிதத்தை நீட்டினார்.

பத்திரிகையிலிருந்து கத்தரித்தது. பழுப்பேறியிருந்தது. பிரித்தேன்.

நான் எழுதுகிற இந்தப் பத்தி. இதே இடம். மேலே என் பெயர்.

என் பெரியப்பா மேல் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த மறு வாரமே பார்வை மங்கிக் கண்ணாடி போட்ட கதையை, சில வருஷங்களுக்கு முன் தமாஷாக எழுதியிருந்தேன். ‘அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் மேல் பல்லில் கை வைப்பதில்லை’ என்று முடித்திருந்தேன். நினைவிருக்கிறதா? விழுந்து விழுந்து சிரித்ததாக நீங்கள் கடிதம் எழுதினீர்கள். நானும் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன். சிரிக்காமல் படித்து, கத்தரித்துப் பத்திரப்படுத்திய ஒருவர் என் ஊர்க் கடைத்தெருவிலேயே இருந்திருக்கிறார்.

எனக்கு முகம் எரிந்தது. காகிதத்தைப் பழையபடி நாலாக மடித்தேன். அப்புறம் கேட்டேன். “டாக்டர் கேட்டாரே... அப்போதே சொல்லியிருக்கலாமே?”

ஏழுமலை ஜன்னல் வழியாகப் பஞ்சைத் துப்பினார். “நீங்க பக்கத்துல நிக்கிறப்போ எப்டி சார் சொல்றது? எனக்காகத்தான வந்துக்கினு இருக்கிறீங்க.”

பெயரைப் போட்டு எழுதுவேன் என்று சொன்னேன் அல்லவா? மேலேயே அச்சாகியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். மேல் பல்லை எடுத்தால் கண் போகாது. அந்தப் பழைய கட்டுரையை வேறு யாராவது கத்தரித்து வைத்திருந்தால், தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள்.

பெரியப்பாவுக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. அதைத்தான் நான் எழுதவில்லை.