நோட்டில் வரைந்த கண்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘ரெட்டைவாய்’ என்று பெயர். தரை துடைக்கும் அம்மாள் வைத்தது. வைத்தவருடைய பேச்சுக்கு நாலு வாய் போதாது என்பது வேறு விஷயம்.

இங்கிலீஷ் மட்டும் பேசும் டாக்டருக்கும் தமிழ் மட்டும் பேசும் நோயாளிக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கம் தள்ளுவதுதான் அவள் வேலை. பதினோரு வருஷமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். சொந்தச் சரக்கு என்று ஒரு சொல் சேர்க்கக் கூடாது, ஒரு சொல்லை விழுங்கவும் கூடாது. டாக்டர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்பாள். நோயாளி ‘நான்’ என்றாலும் இவள் ‘நான்’தான். ஒரு நாளைக்கு இருபது பேராக இருந்துவிட்டு வீட்டுக்குப் போனால், “சாப்பிட்டியா?” என்று புருஷன் கேட்கும்போது யாரைக் கேட்கிறார் என்று ஒரு நொடி விழிப்பாள்.

டாக்டர்கள் பேசும் வேகத்துக்கு எழுத்து ஈடுகொடுக்காது. அதனால் சின்ன நோட்டு ஒன்றில் குறிகள் போட்டுக்கொள்வாள். மாத்திரைக்கு வட்டம், வலிக்கு மின்னல், குடும்பத்துக்குக் கூரை. தெரிவது, அறிவது, புரிவது சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கண்.

அதற்கும் காரணம் இருந்தது. இங்கிலீஷ் பேச்சில் ஒரு விஷயம் தெரிய வருவது லேசான காரியமில்லை. ஒரு டாக்டருக்கு அது பொழுதாக விடியும். இன்னொருவருக்குக் காசு விழுவதுபோல் விழும். மூன்றாமவரை, அவர் நாற்காலியை விட்டு அசையாவிட்டாலும், வந்து மோதும். நிர்வாகத்தின் கடிதங்களிலோ யாரும் தூக்காமல், யாரும் தள்ளாமல், தானாகவே நடந்து வெளிச்சத்துக்கு வந்து நிற்கும். நாம் மட்டும் என்ன குறைச்சல்? நமக்குப் பொறி தட்டும், உறைக்கும், பிடிபடும், மண்டையில் ஏறும். சிலருக்கு ஏறவே ஏறாது. இத்தனைக்கும் தனித்தனியாகப் படம் வரைய யார் நேரம் கொடுப்பார்கள்? ஒரு கண் போதும் என்று வைத்துக்கொண்டாள்.

அந்தக் கண்தான் இப்போது அவளை முறைத்துக்கொண்டிருந்தது.

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் ஒரு அக்கா, ஐந்து மாசத்துக்கு முன் கழுத்தில் ஒரு கட்டியோடு வந்திருந்தாள். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. போன மாசம் கட்டி வளர்ந்து தொண்டையை அமுக்கியபோது திரும்ப வந்தாள். அப்போதுதான் பழைய பரிசோதனைக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதில் முன்பே எல்லாம் எழுதியிருந்தது. புற்று. அக்கா புகார் கொடுத்துவிட்டாள். முதல் நாள் அறையில் என்ன சொல்லப்பட்டது என்று சாட்சி சொல்ல ரெட்டைவாயை அழைத்திருந்தார்கள்.

என்ன சொன்னோம் என்று அவளுக்கு நினைவில்லை. நோட்டுத்தாளை அன்றன்றைக்கே கிழித்துப் போட வேண்டும் என்பது சட்டம். பின்பக்கத்தில் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் நம்பர் இருந்ததால் அந்த ஒரு தாள் மட்டும் தப்பியிருந்தது. அதில் நாலே குறிகள்: ஒரு ஊசி, ஒரு ஐந்து, ஒரு கண், ஒரு டெலிபோன். ஐந்து நாளில் தேடிக் கண்டுபிடித்துப் போன் செய்கிறோம் என்றாரா டாக்டர்? ஐந்து நாளில் ஏதாவது கண்ணில் பட்டால் போன் வரும் என்றாரா? அவர் ஒன்று சொல்லி, தான் வேறொன்று சொன்னோமா? தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். கண் அப்போதும் கண்ணாகத்தான் இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள், குறைகேட்கும் அதிகாரி அவளைக் கூப்பிட்டுப் படிப்பதற்குக் கோப்பைக் கொடுத்தார். உங்களைப் போல அனுபவசாலி சரியாகத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இரண்டு கதவுகள் இருந்தன. அவள் சரியாகச் சொன்னாள் என்றால், கேட்டுக்கொண்ட நோயாளி போன் வராதபோது விசாரிக்கவில்லை. தப்பு நோயாளி தலையில். தவறாகச் சொன்னாள் என்றால் தப்பு இவள் தலையில். இரண்டு கதவும் ஆஸ்பத்திரிக்கு வெளியேதான் திறந்தன.

கோப்பில் இருந்த வாக்குமூலங்களைப் படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. டாக்டருக்கு நாலாம் மாசத்தில் உறைத்ததாம். பரிசோதனைக்கூடத்தில் ‘கவனிக்கப்பட்டதாம்’, கவனித்தவர் யாரென்று இல்லை. துறைத்தலைவர் கடிதத்தில் வழக்கம்போல் விஷயம் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவர்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. யாருக்கு எப்போது தெரியும் என்று ஒரு தாளில் வரிசைப்படுத்திப் பார்த்தாள். மூன்று முறை எழுதினாள், மூன்று வரிசை வந்தது.

வீட்டில் சொன்னபோது புருஷன் பொறுமையாகக் கேட்டார். அவர் ஒயர்மேன், உலகத்துச் சிக்கல் எல்லாம் அவருக்கு ஒயர் சிக்கல்தான்.

“பல்பு எரியலைன்னா பல்பைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. கரண்டு எது வரைக்கும் வந்துச்சுன்னு பாரு. அதுக்கு அடுத்த இடத்துலதான் கோளாறு.”

“நானே அந்த அடுத்த இடமா இருந்தா?”

“இருந்தா இரு. அதையும் பாத்துத்தானே ஆகணும்?”

ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷர். ஆனாலும் மறுநாள் காலை கோப்பை மறுபடி கேட்டு வாங்கி, வார்த்தைகளை விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் பார்த்தாள். பரிசோதனை முடிவு ஐந்தாம் நாளே டாக்டருடைய பிரிவுக்கு வந்திருந்தது. மூலையில் ‘பார்த்தேன்’ என்ற முத்திரை. முத்திரைக்கு மேல் கோழி கிளறினாற்போல ஒரு கையெழுத்து. கரண்டு அதுவரைக்கும் வந்திருந்தது.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, ஒரு தண்ணீர் ஜாடி. ரெட்டைவாய் சாட்சி என்பதால் மொழிபெயர்க்க வேறொரு பெண் வந்திருந்தாள். காலர் அக்காவுக்குத் துணையாக வந்திருந்த மச்சினர், உட்காரும் முன்பே எல்லாம் விதி என்று பெருமூச்சு விட்டார். ரெட்டைவாய்க்குச் சுருக்கென்றது. விதிக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

அதிகாரி முதலில் அக்காவைக் கேட்டார். அன்றைக்கு உங்களிடம் என்ன சொன்னார்கள்?

அக்கா யோசிக்கவே இல்லை. கையை லேசாக உயர்த்தி, விரல்களை மடக்கி விரித்தாள். “‘தெரிஞ்சதும் அஞ்சு நாள்ல போன் பண்ணுவாங்க. போன் வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு நிம்மதியா இருங்கக்கா’ன்னாங்க.”

ரெட்டைவாய் மடியிலிருந்த தன் கையைப் பார்த்தாள். அது அவளுடைய கை. அவளுடைய விரல். அந்த ‘நிம்மதியா இருங்கக்கா’ அவளுடையது. எந்த டாக்டரும் சொல்லியிருக்க முடியாது. பயந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, பதினோரு வருஷத்தில் எத்தனை முறை என்று கணக்கில்லாமல், சொந்தச் சரக்கைச் சேர்த்திருக்கிறாள். விடியவும் இல்லை, விழவும் இல்லை. இன்னொருத்தி வாயிலிருந்து அவள் குரலே வந்து சேர்ந்தது.

“ரெண்டாவது வாக்கியம் நான் சேத்தது,” என்று தமிழிலேயே சொன்னாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள். “டாக்டர் அதைச் சொல்லல. தப்பு என்னோடது.”

அதிகாரியின் பேனா குதிரை வேகத்தில் ஓடியது. எழுதி முடித்து மூடியைப் போட்டார். ஒரு கதவு திறந்துவிட்டது, காற்று வருகிறது என்கிற முகம்.

“இன்னும் முடிக்கல,” என்றாள் அவள். கோப்பைத் திருப்பி, முத்திரை இருந்த பக்கத்தை அவர் முன் தள்ளினாள். போன் வராவிட்டால் ஒன்றுமில்லை என்று நான் சொன்னது தப்பு. போன் ஏன் வரவில்லை என்பதற்கு நான் எப்படிப் பொறுப்பு? ஐந்தாம் நாள் இதைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவர் யார்?

அதிகாரி கையெழுத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, அது கண்டறியப்படும் என்றார்.

மொழிபெயர்க்க வந்த பெண் தயங்காமல் சொன்னாள்: “கண்டுபிடிச்சுச் சொல்றாங்களாம்க்கா.”

காலர் அக்கா தலையாட்டவில்லை. நூல் கோக்கும்போது ஊசிக்கண்ணைப் பார்ப்பதுபோல் அதிகாரியைப் பார்த்தாள். “யாரு கண்டுபிடிப்பாங்க? எந்தத் தேதிக்குள்ள?”

அது இங்கிலீஷுக்குப் போனது. மச்சினர் தண்ணீர் குடித்தார். கடைசியில் அதிகாரி பேனா மூடியைக் கழற்றி, ஒரு தேதியையும் அதன் கீழே தன் பெயரையும் எழுதினார். அக்கா அந்தத் தாளின் நகல் கேட்டாள். கொடுத்தார்கள்.

ரெட்டைவாய்க்கும் ஒரு தாள் கிடைத்தது. அவள் வேலையைத் தொடரலாமா என்பது பின்னர் முடிவுசெய்யப்படும் என்று அதில் இருந்தது. முடிவுசெய்யப் போவது யார் என்று இல்லை.

வாசலில் மச்சினர் ஆட்டோ பார்க்கப் போயிருந்தார். அக்கா கழுத்தைச் சுற்றித் துணியை இழுத்துவிட்டபடி நின்றாள். மன்னிப்புக் கேட்க நினைத்துப் போன ரெட்டைவாய்க்கு இரண்டு மொழியிலும் சொல் வரவில்லை.

அக்காதான் பேசினாள். “நீங்க அப்படிச் சொன்னதாலதான் நாலு மாசம் நல்லாத் தூங்கினேன் தங்கச்சி.”

ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

திட்டினாளா, நன்றி சொன்னாளா என்று ரெட்டைவாய்க்கு விளங்கவில்லை. குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. படியிலேயே நின்று அந்த வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். திரும்பத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். இரண்டிலும் அது ஒரே மாதிரி கனத்தது. பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்தாள். கண்ணை வரையப் போன கை நின்றது. வெறும் தாளையே பார்த்துக்கொண்டு, பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போகச் சொல்லும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.